கிட்டாருக்குப் புது பிக்அப்: கிலோ ஓம் பார்த்து வாங்கலாமா?

கேள்வி, 3 ஜூன் 2023

கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். ஒருவரிடம் சொல்லிச் செய்த எலக்ட்ரிக் கிட்டார் போன மாதம் கைக்கு வந்தது. மகாகனி உடம்பு, மேலே மேப்பிள் பலகை, 24 ஃப்ரெட் (மெட்டு), 25.5 அங்குல ஸ்கேல் (தந்தி அதிரும் நீளம்), இரண்டு ஹம்பக்கர், அதாவது தந்தியின் அசைவை மின் சமிக்ஞையாக்குகிற இரட்டைக் காயில் பிக்அப். மரவேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் ஆம்ப்பில் செருகினால் மூக்கடைத்த குரல் மாதிரி கேட்கிறது. பிக்அப்பில் பெயரே இல்லை. மீட்டரில் பிரிட்ஜ் பிக்அப் (தந்தி உடம்பில் முடிகிற பக்கம் இருப்பது) 8.2 கிலோ ஓம் காட்டுகிறது. 16 கிலோ ஓம் பிக்அப் போட்டால் சக்தி இரண்டு மடங்காகும், தெளிவும் வரும் என்று நண்பர் சொல்கிறார். ராக் வாசிப்பேன், பாதி நேரம் கீர்த்தனையும் வாசிப்பேன். எதை வாங்கலாம் சார்?

3 ஜூன் 2023, இரவு

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள்.

16 என்றால் 8-ஐப் போல இரண்டு மடங்கு சக்தி என்பது தவறு. அந்த எண் காயிலில் சுற்றியிருக்கிற செம்புக் கம்பியின் மின்தடை, அவ்வளவுதான். சுற்று கூடினால் ஏறும், கம்பி மெலிந்தாலும் ஏறும், மே மாத மதியத்தில் அளந்தால்கூடக் கொஞ்சம் ஏறும். பழைய பாணி ஹம்பக்கரில் 42 கேஜ் கம்பி இருக்கும், செம்பின் தடிமன் சுமார் 0.063 மில்லிமீட்டர். அதே நீளத்துக்கு இன்னும் மெல்லிய 43 கேஜ் கம்பியைச் சுற்றினால், ஒரு சுற்றுகூட அதிகமாக்காமலே தடை கால் பங்கு கூடிவிடும். சத்தம் அதனால் கூடாது. சத்தத்தை முடிவு செய்வது சுற்றுகளின் எண்ணிக்கை, காந்தம், தந்திக்கும் பிக்அப்புக்கும் உள்ள இடைவெளி.

தெளிவு வரும் என்பது இன்னும் பெரிய தவறு. நிறையச் சுற்றிய பிக்அப்பில் நடுப்பகுதி தடிக்கும், உச்சம் மழுங்கும். மூக்கடைப்புக்கு அது மருந்தே இல்லை. 8.2 என்பது 1950-களின் கடைசியில் வந்த ஹம்பக்கர்களில் சாதாரணமாகக் காணப்பட்ட அளவுதான். பெயர் இல்லாததாலேயே உங்கள் பிக்அப்பைக் குப்பை என்று நினைக்க வேண்டாம்.

மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். பின்மூடியைத் திறந்தால் வால்யூம், டோன் பாட்களின் (பட்டனுக்கு அடியில் இருக்கிற மாறும் தடை) முதுகில் என்ன எழுதியிருக்கிறது? கேபிள் எத்தனை மீட்டர்? கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்துக்கொண்டு பார்த்தால் தந்திக்கும் பிக்அப்புக்கும் இடைவெளி எவ்வளவு?

4 ஜூன் 2023

இடைவெளியை எப்படி அளப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பள்ளிக்கூட ஸ்கேல் போதும், ஆனால் பூஜ்யம் ஓரத்திலேயே தொடங்குகிற ஸ்டீல் ஸ்கேலாக இருக்கட்டும். தடித்த தந்தியையும் மெல்லிய தந்தியையும் தனித்தனியாக அளந்து கொள்ளுங்கள். ஆரம்பத்துக்கு பிரிட்ஜில் 2 மில்லிமீட்டர், நெக்கில் (கழுத்துப் பக்க பிக்அப்பில்) 2.5 முதல் 3 வரை வைத்துவிட்டு, பிறகு காதால் கால் கால் திருப்பாக மாற்றலாம்.

ஹம்பக்கரில் கொஞ்சம் நெருங்கினாலும் பெரிய கெடுதல் இல்லை. காந்தத்தையே கம்பமாக நிறுத்தியிருக்கிற சிங்கிள் காயிலைத்தான் மிக நெருக்கமாக ஏற்றக் கூடாது. நெக் பக்கம் தந்தி அகலமாக ஆடும், அங்கே காந்தம் தந்தியை இழுத்துப் பிடித்து, ஒரே ஸ்வரத்துக்குள் இரண்டு சுருதி அடித்துக்கொள்கிற மாதிரி ஆக்கிவிடும். ட்யூனர் முள்ளும் நிலைக்காமல் ஆடும், நாம் தந்தியைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

கேட்டவர், 5 ஜூன் 2023

இரண்டு பாட்டிலும் பி250கே என்று இருக்கிறது. கேபிள் 6 மீட்டர். இடைவெளி பிரிட்ஜில் 5 மில்லிமீட்டர், நெக்கில் 2-க்கும் குறைவு.

5 ஜூன் 2023, இரவு

கிடைத்துவிட்டது. உங்கள் மூக்கடைப்பில் பெரும்பங்கு இந்த மூன்று வரியிலேயே இருக்கிறது.

பாட் என்பது சத்தத்தைக் குறைக்கிற திருகு மட்டும் இல்லை. பத்தில் முழுசாகத் திறந்து வைத்திருந்தாலும் பிக்அப்புக்கும் தரைக்கும் (கிரவுண்ட் இணைப்பு) நடுவே ஒரு தடையாக உட்கார்ந்திருக்கும். வால்யூம் 250, டோன் 250 என்றால் இரண்டும் சேர்ந்து கிட்டத்தட்ட 125 கிலோ ஓம் சுமை. இரண்டையும் 500 ஆக்கினால் சுமை 250 கிலோ ஓம். சுமை எண் குறையக் குறைய பிக்அப்பின் உச்சப்பகுதி தட்டையாகிவிடும். இயல்பிலேயே பளிச்சென்று இருக்கிற சிங்கிள் காயிலுக்கு 250 போட்டு அடக்குவதும், ஹம்பக்கருக்கு 500 போட்டுத் திறந்துவிடுவதும் பல வருஷ வழக்கம். செய்தவர் கைவசம் இருந்ததை மாட்டிவிட்டார் போலிருக்கிறது. கோபித்துக்கொள்ள வேண்டாம், மரத்தில் கெட்டிக்காரர்கள் பலருக்கும் மின்சாரப் பகுதியில் அவ்வளவு ஆர்வம் இருப்பதில்லை.

‘பி’ என்றால் நேர்கோட்டு பாட். ஆசிய நாடுகளில் செய்கிற பாட்களில் ‘ஏ’ என்பது காதுக்கு ஏற்றபடி வளைந்து போகிற வகை. வால்யூமுக்கு எது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: ‘ஏ’ தான். ‘பி’ போட்டால் பத்திலிருந்து நான்கு வரை ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும், அதற்குக் கீழே சட்டென்று விழும்.

சென்னை வரும்போது ரிச்சி தெருவில் தேடலாம், ஆனால் மல்டிமீட்டரோடு போங்கள். 500 என்று எழுதியிருக்கிற பாட்டில் 20 சதவீதம் ஏற்ற இறக்கம் சகஜம், 400-ம் வரும் 600-ம் வரும். கடைக்காரரிடம் பெட்டியை வாங்கி அளந்து, அதிகமாகக் காட்டுவதை வால்யூமுக்கு எடுங்கள். இன்னொன்று, பெரிய அமெரிக்க பாட்டின் கழுத்து 9.5 மில்லிமீட்டர், சின்ன பாட்டின் கழுத்து 7 மில்லிமீட்டர். இப்போது இருக்கிற துளையை அளந்துகொண்டு போனால் மேப்பிள் பலகையில் துளையைப் பெரிதாக்குகிற வேலை மிச்சம். பட்டன் உட்காருகிற தண்டும் இரண்டு விதம்: பிளந்த தண்டு, முழுத்தண்டு. பழைய பட்டன் புதியதில் ஏறாமல் போகலாம், அதையும் கையோடு கொண்டு போங்கள்.

7 ஜூன் 2023

கேபிள் நீளத்துக்கும் தெளிவுக்கும் என்ன சம்பந்தம் என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். இது எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் நீளும்.

பிக்அப் ஒரு காயில், அதற்கு இண்டக்டன்ஸ் (மின்தூண்டல் குணம்) உண்டு. கேபிளின் உள்கம்பிக்கும் மேல்வலைக்கும் நடுவே கெபாசிட்டன்ஸ் (மின்தேக்கும் குணம்) உண்டு, சாதாரண கிட்டார் கேபிளில் மீட்டருக்கு 100 பிகோஃபாரட் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டும் சேர்ந்தால் ஒரு குறிப்பிட்ட அலைவெண்ணில் ஒத்ததிர்வு வரும். அந்த இடத்தில் ஒரு மேடு எழும்பும், அதைத் தாண்டியதும் சத்தம் சரசரவென்று இறங்கிவிடும். நாம் ‘இந்த பிக்அப் பளிச்’, ‘அந்த பிக்அப் கம்மல்’ என்று சொல்வதெல்லாம் பெரும்பாலும் அந்த மேடு எங்கே நிற்கிறது, எவ்வளவு உயரம் என்பதைத்தான்.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பிக்அப்பின் சொந்த கெபாசிட்டன்ஸ் ஒரு 100 பிகோஃபாரட். பழைய பாணி ஹம்பக்கருக்கு இண்டக்டன்ஸ் சுமார் 4.4 ஹென்றி. உங்கள் 6 மீட்டர் கேபிளில் மேடு 2,900 ஹெர்ட்ஸ் பக்கம் நிற்கும். அதே பிக்அப், 3 மீட்டர் கேபிள் என்றால் 3,800. நிறையச் சுற்றிய 8 ஹென்றி பிக்அப்பில் இதே இரண்டு கேபிளுக்கும் 2,100-ம் 2,800-ம். ஸ்ட்ராட் (ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வகை சிங்கிள் காயில் 2.4 ஹென்றி என்றால் 3,900-ம் 5,100-ம்.

இதை இரண்டு தடவை படியுங்கள். 6 மீட்டர் கேபிளில் இருக்கிற சாதாரண ஹம்பக்கரும், 3 மீட்டர் கேபிளில் இருக்கிற சூடான (நிறையச் சுற்றிய) பிக்அப்பும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. கேபிளை மாற்றுவதற்கு ஆகிற காசு எவ்வளவு, பிக்அப்புக்கு ஆகிற காசு எவ்வளவு! வாங்குமுன் இண்டக்டன்ஸ் எண்ணைத் தேடுங்கள், தயாரிப்பாளர் கொடுத்திருந்தால். கிலோ ஓமைவிட அது நூறு மடங்கு பேசும்.

பாட்டின் சுமை மேட்டின் உயரத்தைக் குறைக்கிறது, கேபிள் மேட்டின் இடத்தை நகர்த்துகிறது. உங்கள் கிட்டாரில் இரண்டுமே பாதகமாக இருந்தன.

7 ஜூன் 2023, இரவு

‘மரம்தான் எல்லாம், பிக்அப் வெறும் மைக்’ என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். மரத்தின் மீது எனக்கும் பிரியம் உண்டு, என் கிட்டார் தேக்கு உடம்பு, தோளில் ஒரு மணி நேரம் மாட்டினால் வலிக்கும், ஆனாலும் அதைக் கொடுத்துவிட மனசு வராது. ஆனால் ஹம்பக்கர் மைக் இல்லை அண்ணா. மைக் காற்றின் அதிர்வைக் கேட்கிறது. இது இரும்புத் தந்தி தன் காந்தப் புலத்துக்குள் ஆடுவதை மட்டும் கேட்கிறது. நைலான் தந்தி போட்டால் ஒன்றுமே கேட்காது. மரம் தந்தி எப்படி ஆடுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதில் கை வைக்கலாம். அதன் பங்கு ஒரு பாட்டை மாற்றுவதால் வருகிற வித்தியாசத்தைவிடச் சின்னது என்பது என் காதின் தீர்ப்பு. மரம் ஏற்கனவே ஒட்டியாகிவிட்டது, இப்போது மாற்றக் கூடியதைப் பேசுவோம்.

10 ஜூன் 2023

‘அசல் பி.ஏ.எஃப். சத்தம்’ வேண்டும், எதை வாங்கலாம் என்று இடையில் ஒரு கேள்வி. இதற்குப் பதில் சொல்ல வரலாற்றுக்குள் போக வேண்டும்.

கிப்சன் கிட்டார் கம்பெனியில் வேலை செய்த சேத் லவர் 1955 ஜூன் மாதம் ஹம்பக்கருக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அவர் தீர்த்த பிரச்சினை இரைச்சல். ஒரே காயில் என்றால் அது தந்தியை மட்டும் கேட்காது, வீட்டு மின்சாரத்தின் ஹம் சத்தத்தையும் ஆன்டெனா மாதிரி பிடிக்கும். அவர் இரண்டு காயில் வைத்தார், ஒன்றின் காந்தத் திசையை மாற்றினார், சுற்றின் திசையையும் மாற்றினார். வெளியிலிருந்து வருகிற ஹம் இரண்டிலும் எதிரெதிராக விழுந்து அடிபட்டுப்போகும். தந்தியின் சமிக்ஞை இரண்டு முறை திரும்புவதால் நேராகிச் சேர்ந்துகொள்ளும். 1957-ல் கிட்டார்களில் வந்தது, ‘காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டது’ என்று அடியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்கள், அதன் ஆங்கில முதலெழுத்துகள்தான் இந்த பி.ஏ.எஃப். உரிமை 1959 ஜூலையில் கிடைத்தது, எண் 2,896,491. அதற்குப் பிறகும் சில வருஷம் பழைய சீட்டே ஓடியது. பின்னால் எண் போட்ட சீட்டு வந்தபோது அதில் இருந்த எண் 2,737,842, அது கிட்டார் கலைஞர் லெஸ் பாலின் டெயில்பீஸ் (தந்தியின் பின்முனையைப் பிடிக்கிற பாகம்) காப்புரிமை எண்!

விஷயம் என்னவென்றால், அந்தக் காலத்தில் சுற்று எண்ணிக்கை ஒரே சீராக இல்லை, காந்தமும் ஆல்நிக்கோவில் (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த காந்த உலோகம்) எந்த ரகம் இருந்ததோ அது போனது. அதனால் 7 சொச்சம் கிலோ ஓமும் உண்டு, 9-ம் உண்டு. ஒரு பி.ஏ.எஃப். இன்னொன்று மாதிரி இல்லை. ‘அசல் பி.ஏ.எஃப். சத்தம்’ என்று ஒன்றை யாராவது விற்றால், அவர் எந்த ஒரு பிக்அப்பைப் பார்த்து அதைச் செய்தார் என்று கேளுங்கள்.

மாற்று பிக்அப் என்ற வியாபாரம் பெரிதாக வளர்ந்தது 1970-களில். லாரி டிமார்சியோவின் சூப்பர் டிஸ்டார்ஷன் 1972-ல் வந்தது, செராமிக் காந்தம், 13 கிலோ ஓமுக்கு மேல். அன்றைய ஆம்ப்களில் இரைச்சலான உடைந்த சத்தம் வேண்டுமென்றால் அதன் உள்ளீட்டில் வலுவான சமிக்ஞையால் ஓங்கி அடிக்க வேண்டியிருந்தது, அதற்காகச் செய்தது. இன்றைக்கு ஒரு சின்ன பெடலிலேயே தேவைக்கு மேல் கெயின் (சமிக்ஞையைப் பெருக்கும் வலு) இருக்கிறது. சூடான பிக்அப்பை அதன் குரலுக்காக வாங்கலாம், சத்தத்துக்காக வாங்க வேண்டிய அவசியம் போய்விட்டது.

கேட்டவர், 17 ஜூன் 2023

500 பாட் மாற்றியாகிவிட்டது, இரண்டும் ஏ. கேபிள் 3 மீட்டர். இடைவெளி நீங்கள் சொன்னபடி. சார், பிரிட்ஜ் பிக்அப் இப்போது அழகாகப் பேசுகிறது, அதை மாற்ற வேண்டியதே இல்லை என்று தோன்றுகிறது. நெக் மட்டும் தடித்த தந்திகளில் இன்னும் குழைகிறது. தோடி வாசித்தால் மந்திர ஸ்தாயியில் அசைவே கேட்கவில்லை.

17 ஜூன் 2023, இரவு

ரொம்ப சந்தோஷம். ஒரு செட்டின் விலை ஒரு பிக்அப்பின் விலையாகக் குறைந்தது.

நெக் விஷயம் இப்போது நேர்மையாக பிக்அப் கேள்விதான். 24 ஃப்ரெட் கிட்டாரில் ஃப்ரெட்போர்டு நீண்டுவிடுவதால் நெக் பிக்அப் பிரிட்ஜ் பக்கம் தள்ளி உட்காரும். 22 ஃப்ரெட்டில் 24-வது ஃப்ரெட் இருக்க வேண்டிய இடத்தருகே, அதாவது ஸ்கேலில் கால் பங்கு தூரத்தில், உங்கள் கிட்டாருக்கு பிரிட்ஜிலிருந்து சுமார் 162 மில்லிமீட்டரில், பிக்அப் நிற்கும். உங்களுக்கு அந்த இடத்தில் ஃப்ரெட் இருக்கிறது. ஆக அந்த உருண்டையான புல்லாங்குழல் தன்மை கொஞ்சம் குறைந்து, தெளிவு கூடத்தான் வேண்டும். அப்படியும் குழைகிறது என்றால் பிக்அப் அதிகம் சுற்றியது. மீட்டரில் எவ்வளவு?

18 ஜூன் 2023

நெக்கில் 9.6 என்று சொன்னீர்கள், பிரிட்ஜைவிட அதிகம். முன்பு கிலோ ஓமைத் திட்டிவிட்டு இப்போது அதையே கேட்கிறேனே என்றால், ஒரே கை சுற்றிய ஒரே மாதிரி ஜோடிக்குள் ஒப்பிட அந்த எண் உதவும், ஏனென்றால் கம்பியும் காந்தமும் ஒன்றாகவே இருக்க வாய்ப்பு அதிகம். வழக்கமாக நெக் பிக்அப்பைக் குறைவாகச் சுற்றுவார்கள், அங்கே தந்தி அகலமாக ஆடுவதால் சமிக்ஞை தானாகவே பெரிசு. உங்கள் ஜோடி இடம் மாறி மாட்டப்பட்டிருக்கலாம். மாற்றிப் போட்டுப் பாருங்கள் என்று சொல்ல நினைத்தேன், ஆனால் பிரிட்ஜ் உங்களுக்குப் பிடித்துவிட்டது, அதைத் தொட வேண்டாம்.

18 ஜூன் 2023, இரவு

கமகத்துக்கு வருகிறேன். இதைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு, அதனால் விரித்தே எழுதுகிறேன்.

ராக்கில் தந்தியை இழுத்தால் ஒரு முழு ஸ்வரம், ஒன்றரை ஸ்வரம் இழுத்து அங்கே நிறுத்துவோம். தோடி காந்தாரம் அப்படி இல்லை, தந்தி குறுக்கே போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கும், அந்தப் பயணமே ஸ்வரம். தந்தி தன் கம்பத் திருகை (பிக்அப்பில் ஒவ்வொரு தந்திக்கும் கீழே இருக்கிற இரும்புத் திருகு) விட்டு விலகி அடுத்த திருகின் பக்கம் போகும். அப்போது சத்தம் குறைந்தால் கமகத்தின் நடுப்பகுதி தேய்ந்து கேட்கும். இதற்காகவே திருகுக்குப் பதில் நீளப் பட்டை வைத்த பிக்அப்கள் இருக்கின்றன, பில் லாரன்ஸ் செய்த எல்-500 அந்த வகையில் பேர் பெற்றது, இரண்டு காயிலிலும் ஒரு பட்டை ஓடும். தந்தி எங்கே போனாலும் கீழே இரும்பு இருக்கும்.

அடுத்தது காந்தம். ஆல்நிக்கோ 5 வலுவானது, அடி இறுக்கமாக இருக்கும், மேல் பளிச். ஆல்நிக்கோ 2 அதைவிட மென்மை, விரல் பட்ட உடனே வருகிற அடி கொஞ்சம் வட்டமாகும். செராமிக் கூர்மையாகவும் நெருக்கமாகவும் கேட்கும், ஆனால் செராமிக் என்றால் கரகரப்பு என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது, சுற்றியவர் கையைப் பொறுத்தது. வயலின், வீணை கேட்டு வளர்ந்த காதுக்கு ஆல்நிக்கோ 2 இனிக்கும். என் தேக்கு கிட்டாரில் நெக்கில் அதுதான் இருக்கிறது. ஆனால் உங்கள் பிரச்சினை மந்திர ஸ்தாயிக் குழைவு, அங்கே ஆல்நிக்கோ 2-ன் மென்மை உதவாது. உங்களுக்குக் குறைவாகச் சுற்றிய ஆல்நிக்கோ 5. சீமோர் டங்கனின் ஜாஸ் நெக் மாடல் அந்த ஜாதி, 7.5-க்கும் 8-க்கும் நடுவே நிற்கும், தடித்த தந்திகள் தனித்தனியாகக் கேட்கும். பல தொழிற்சாலைக் கிட்டார்களில் அதே கம்பெனியின் ஜேபி என்ற பிரிட்ஜ் பிக்அப்போடு ஜோடியாக வருவதால், கடைக்குப் போய் அப்படி ஒரு கிட்டாரை எடுத்து நெக்கில் மட்டும் தோடி வாசித்துப் பாருங்கள். படித்து முடிவு செய்வதைவிட அது நல்லது.

மின்சாரத் தந்தி வாத்தியத்தில் கமகம் முடியுமா என்ற சந்தேகத்தையே மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் தீர்த்து வைத்துவிட்டார். இரட்டைத் தந்திகளை விட்டு ஐந்து ஒற்றைத் தந்திகளுக்கு மாறி, பிக்அப் வழியாகத்தான் அத்தனை அசைவையும் நமக்குக் கேட்க வைத்தார். அவருடைய பதிவுகளைக் கேட்கும்போது ஸ்வரம் மறைகிற வால் பகுதியைக் கவனியுங்கள். அந்த வால் கேட்க வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவு மெனக்கெடுகிறோம்.

20 ஜூன் 2023

பட்டை பிக்அப் பற்றி முந்தாநாள் எழுதியதைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். நேற்று இரவு என் கிட்டாரில் திருகு வகை நெக் பிக்அப்பில் மூன்றாவது தந்தியை வேண்டுமென்றே இரண்டு திருகுக்கும் நடுவே நிறுத்தி ஒலிப்பதிவு செய்து பார்த்தேன். காதுக்குச் சத்தம் குறைந்ததாகவே தெரியவில்லை. ஹம்பக்கரின் புலம் அகலமானது, அடியில் கிடக்கிற நீளக் காந்தம் ஒன்றே எல்லாத் திருகுக்கும் உயிர் கொடுக்கிறது. ஆக, பட்டை இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் பிக்அப்பை நிராகரிக்கிற அளவுக்கு அது காரணம் இல்லை. 

திருகு இடைவெளியும் இதோடு சேர்ந்ததே. முதல் திருகிலிருந்து ஆறாவது வரை கிப்சன் வழி 49, 50 மில்லிமீட்டர். ஃபெண்டர் மாதிரி அகல பிரிட்ஜுக்கு 52, 53. நெக் பக்கம் தந்திகள் குறுகி வருவதால் 49, 50 பெரும்பாலும் சரியாகப் பொருந்தும்.

24 ஜூன் 2023

வாங்கும்போது: போலி பிக்அப் இணையத்தில் தாராளமாகக் கிடைக்கிறது. பெட்டி, சீட்டு எல்லாம் அச்சு அசல். வழக்கமான விலையில் பாதிக்கு யாராவது கொடுத்தால் யோசியுங்கள். வெளிநாட்டிலிருந்து நேராக வரவழைத்தால் சுங்கவரி, கூரியர் இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டு இங்கே இருக்கிற விநியோகஸ்தர் விலையோடு ஒப்பிடுங்கள், பல சமயம் வித்தியாசம் கரைந்துவிடும்.

நான்கு கம்பி வகையாகக் கேட்டு வாங்குங்கள். இது முக்கியம், காரணம் பிறகு தெரியும். குழியின் ஆழத்தையும் அளந்துவிடுங்கள், பிக்அப்பின் இரண்டு கால்களும் சில மாடல்களில் நீளம்.

கேட்டவர், 8 ஜூலை 2023

ஜாஸ் வாங்கி மாட்டிவிட்டேன். நெக் தனியாக பிரமாதம். பிரிட்ஜ் தனியாக பிரமாதம். இரண்டையும் சேர்த்துப் போட்டால் சத்தம் சப்பையாகி, அடிப்பகுதியே இல்லை. பழுதான பிக்அப்பா?

8 ஜூலை 2023, இரவு

பழுது இல்லை. இரண்டும் எதிர் ஃபேஸில் நிற்கின்றன. ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கிறது, அடிப்பகுதி அடித்துக்கொண்டு காணாமல் போகிறது. வேறு வேறு கை செய்த பிக்அப்களை ஜோடி சேர்த்தால் இது நடக்கும், நான்கு கம்பி கேட்கச் சொன்னது இதற்காகத்தான்.

டங்கனில் கறுப்பு சூடான (சமிக்ஞை போகிற) கம்பி, பச்சையும் உறையில்லாக் கம்பியும் தரைக்கு, சிவப்பும் வெள்ளையும் ஒன்றோடொன்று சேர்த்து டேப் சுற்றி விட வேண்டும். இப்போது கறுப்பையும் பச்சையையும் மட்டும் இடம் மாற்றுங்கள். பச்சை சூடான இடத்துக்கு, கறுப்பு தரைக்கு. உறையில்லாக் கம்பி தரையிலேயே இருக்கட்டும், அதைத் தூக்கினால் இரைச்சல் வரும். சிவப்பு வெள்ளையைத் தொடாதீர்கள். உங்கள் பிரிட்ஜ் பிக்அப்பில் உள்கம்பி ஒன்று, வலை ஒன்று மட்டுமே என்பதால் அதில் இதைச் செய்ய முடியாது, வலையே சூடாகிவிடும்.

வேறு கம்பெனி வரைபடத்தைப் பார்த்துச் செய்துவிடாதீர்கள். டிமார்சியோவில் சிவப்பு சூடு, பச்சை தரை, கறுப்பும் வெள்ளையும் சேர்க்கை. ஒரே நிறங்கள், வேறு வேலை.

மாட்டுவதற்கு முன்பே சோதிக்க வழி உண்டு. முள் வைத்த பழைய மீட்டரை பிக்அப்பின் இரண்டு முனையில் வைத்து, ஸ்க்ரூடிரைவரைத் திருகுகளின் மேல் ஒட்டவைத்துச் சட்டென்று இழுங்கள். முள் ஒரு பக்கம் துள்ளும். இரண்டு பிக்அப்பும் ஒரே பக்கம் துள்ளினால் ஒரே ஃபேஸ்.

9 ஜூலை 2023

சால்டரிங் பற்றி ஒரு வார்த்தை. பாட்டின் முதுகில் தரைக்கம்பி ஒட்ட 25 வாட் இரும்பு திணறும், நீங்கள் நீண்ட நேரம் அழுத்துவீர்கள், உள்ளே பாட் வெந்துவிடும். 40 வாட்டும் அகல முனையும் இருந்தால் சில நொடியில் முடியும். முதுகை முதலில் எமரித் தாளால் லேசாகச் சுரண்டிவிடுங்கள். உடம்பின் மேல் பழைய துணி விரியுங்கள், ஈயத்துளி பாலிஷில் விழுந்தால் போகாது.

15 ஜூலை 2023

சேர்த்துப் போட்டாலும் நிறைந்து கேட்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது. மீதமிருக்கிற ஹம் பற்றிக் கேட்டதற்கு:

தந்தியைத் தொட்டதும் குறைகிறது என்றால் அது இயல்பு, உங்கள் உடம்பு பிடித்துக் கொடுக்கிற இரைச்சல் தரைக்குப் போகிறது. குழிக்குள் செம்புத் தகடு ஒட்டி, அதைத் தரையோடு இணைத்தால் இன்னும் அடங்கும். அறையில் டிம்மர் விளக்கு, பழைய சோக் வைத்த டியூப்லைட், இன்வெர்ட்டர் இருந்தால் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதுவும் அதன் மடங்குகளும்தான் அந்த உறுமல்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். ஹம் போகவில்லை என்று ஆம்ப்பின் எர்த் பின்னை யாரும் எடுத்துவிடாதீர்கள். தந்தி, பிரிட்ஜ், கேபிள் வலை, ஆம்ப்பின் உடம்பு எல்லாம் ஒரே இணைப்பு. ஆம்ப்பில் கசிவு வந்தால் அது உங்கள் கைக்குத்தான் வரும், மைக்கில் வாய் வைத்திருந்தால் இன்னும் ஆபத்து. பழைய வீடுகளில் மூன்று துளை பாயின்ட் இருக்கும், பின்னால் எர்த் கம்பியே இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சோதித்துவிட்டு வாசியுங்கள்.

22 ஜூலை 2023

நெக்கை ஒற்றைக் காயிலாகப் பிரிக்க ஸ்விட்ச் வைக்கலாமா என்று கேட்டீர்கள். வைக்கலாம், ஆனால் ஒரு காயிலை அணைத்தால் சேத் லவர் துரத்திய ஹம் திரும்பி வந்துவிடும். நான் சொல்வது இரண்டு காயிலையும் பேரலலாகப் போடுகிற ஸ்விட்ச். இண்டக்டன்ஸ் கிட்டத்தட்ட நான்கில் ஒன்றாகிவிடும், சத்தம் குறையும், குரல் மெலிந்து பளிச்சென்று ஆகும், ஹம் மட்டும் வராது. ஆறு கால் வைத்த சின்ன ஆன்-ஆன் ஸ்விட்ச் ஒன்று போதும், ரிச்சி தெருவில் கிடைக்கும். உடம்பில் புதுத் துளை போட மனம் வராவிட்டால், தூக்கி இறக்குகிற ஸ்விட்ச்சோடு சேர்ந்து வருகிற டோன் பாட் வாங்குங்கள். அதிலும் 500, அதிலும் ‘ஏ’. கழட்டிய நெக் பிக்அப்பின் கம்பியில் 9.6 என்று ஒரு சீட்டு ஒட்டி எடுத்து வையுங்கள், பிரிட்ஜில் அதைக் கேட்டுப் பார்க்கும் ஆசை எனக்கு இன்னும் போகவில்லை.